ஒரு சுவருக்கு ஒரு ஓட்டை

பதினொன்றிலேயே நின்றது. பத்தாகக் குறையவும் இல்லை, பன்னிரண்டாக ஏறவும் இல்லை. நொடிக்குப் பதினொரு எம்.பி. லேப்டாப் திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தைக்கே பொறுமை போய்விடும் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சமும் வெட்கமில்லாமல், 'மீதி நேரம்: 28 மணி' என்று போட்டிருந்தது.

அப்போது காலை ஒன்பது மணி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரண்ட் ஆபீஸ்காரர் வந்து மீட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார். நாளையிலிருந்து இந்த வீடு வேறொருவருடையது. எட்டு மணி நேரத்தில் இருபத்தெட்டு மணி நேர வேலையை எப்படி முடிப்பது என்று வாலு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாலுவுக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுவதும் அவள் பொறுப்பில். அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். அவளுக்கு வீட்டில் வாலு என்று பெயர் என்பது அந்த ஆறு பேருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளிலிருந்து ஒருவனும் பயப்பட மாட்டான். சின்ன வயதில் அவள் செய்த சேட்டைக்கு அண்ணன் வைத்த பெயர் அது. இப்போது அப்படிக் கூப்பிட உலகத்தில் இரண்டே பேர்தான் மிச்சம். ஒருத்தி அம்மா. இன்னொருவன் அண்ணன், அவன் மூன்று வருஷமாக அவளோடு பேசுவதில்லை.

ஃபைல்கள் காப்பியாகி வரவேண்டியது அண்ணனுடைய பழைய அறையிலிருந்து. அங்கே அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. சர்வர் என்பது அதன் உத்தியோகப் பெயர். வீட்டில் எல்லோரும் கும்பகர்ணன் என்றுதான் சொல்வார்கள். ஏதாவது கேட்டால் கண் விழிக்க அரை நிமிஷம் எடுத்துக்கொள்ளும். விழித்தால் வஞ்சனையில்லாமல் கரண்டைச் சாப்பிடும். மற்ற நேரமெல்லாம் குறட்டை. அண்ணன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கையால் பாகம் பாகமாகச் சேர்த்த பெட்டி. அவன் வேலைக்கென்று வேறு நாட்டுக்குப் போன பிறகு அம்மாதான் அதைத் துடைத்து, தூசி தட்டி வைத்திருந்தாள். "அது பாட்டுக்கு முனகிக்கிட்டு இருக்கட்டும். வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கு," என்பாள்.

உண்மையிலேயே ஓர் ஆள் இருந்தார். அப்பா அதற்குள்தான் இருந்தார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் மற்றவர்கள் கல்யாணம், காட்சி என்றால் வீடியோ கேமராவைத் தூக்குவார்கள். இவர் குழாய் ஒழுகினால் தூக்குவார். கேமராவை ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டு, செய்தி வாசிக்கிற குரலில், "இன்று செவ்வாய்க்கிழமை. சமையலறைக் குழாய் பழுதுபார்க்கப்படுகிறது. பழுது பார்ப்பவர், அடியேன்," என்று ஆரம்பிப்பார். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. அம்மா வெங்காயம் உரிப்பாள். அண்ணன் கணக்குப் போடுவான். வாலு எதற்காவது அழுவாள். இப்படி எண்பத்துமூன்று கேசட். ஒன்றில்கூட அப்பாவின் முகம் கிடையாது. கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அந்தக் காலத்தில் யாராவது விருந்தாளிக்கு அவர் ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டினால், மறுமுறை அந்த விருந்தாளி அவர்கள் தெருப் பக்கமே வர மாட்டார்.

அந்த எண்பத்துமூன்றையும் அண்ணன்தான் கும்பகர்ணனுக்குள் ஏற்றினான். கேசட்டை அவசரப்படுத்த முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஓடி முடிக்க ஒரு மணி நேரம்தான் ஆகும். சிக்கினால் கழற்றித் துடைத்து மறுபடி முதலிலிருந்து. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு அதில் போயின. பிறகு கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. அவன் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன பிரதி, வழியிலேயே பெட்டியோடு தொலைந்துபோனது. ஆக, அப்பாவின் குரல் இந்த உலகத்தில் இருந்தது ஒரே இடத்தில்தான்.

வீட்டைக் காலி செய்து வாலுவின் வீட்டுக்கு வருவது என்று முடிவானபோது அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். "சோபா வேணாம், பீரோ வேணாம். அதெல்லாம் யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும். எனக்கு அவர் குரல் மட்டும் வந்து சேரணும்."

பெட்டியையே தூக்கிக்கொண்டு போகலாமே என்று வாலுவும் நினைத்தாள். அதற்கு அண்ணனிடமிருந்து தகவல் வந்தது. தகவல் என்றால் அம்மா வழியாக.

"அந்த டிஸ்க்கெல்லாம் பன்னிரண்டு வருஷமா நிக்காம சுத்துதாம். ஒரு தடவை நின்னு ஆறிப்போச்சுன்னா மறுபடி எழுந்திருக்குமோ என்னமோன்னு சொல்றான். ஓடுறப்பவே எடுத்துடணுமாம். அப்புறம், அதுல இருக்கிற யூ.எஸ்.பி. ஓட்டையெல்லாம் இடி விழுந்தப்பவே போயிடுச்சாம். நெட்வொர்க் வழியாத்தான் எடுக்கணுமாம். நீ பார்த்துப்பேன்னு சொன்னான்."

அவன் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் வாலுவுக்கு எரிச்சல். பெட்டிக்குத் துணையாக இருந்த பேட்டரியும் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான்.

ஆஸ்பத்திரியில் அவள் மேஜைக்கு மேலே ஒரு அட்டை தொங்கும். 'முதலில் வயரைப் பார். அப்புறம் மூளையைக் கசக்கு.' புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது என்று ஓடிவந்தால், வாயைத் திறக்காமல் அந்த அட்டையைக் காட்டுவாள். ஊருக்குத்தான் உபதேசம். இன்றைக்கு அவள் வயரைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்குத் தோன்றவில்லை. குற்றவாளி யார் என்பது அவளுக்குப் பதினாலு வயதிலேயே தெரியும்.

அப்போதுதான் வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. ஹாலில் மோடம். ஹால் சுவரில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, அதில் இரண்டு வாய். இடது வாய் அண்ணன் அறைக்குப் போகிறது, வலது வாய் பக்கத்திலிருக்கும் வாலுவின் அறைக்கு. வயர் இழுத்தது, முடுக்கியது எல்லாம் அண்ணன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது, உலகத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற முகம். முதல் நாளே வாலுவின் அறையில் ஒரு படம் திறக்க, தலை முதல் கழுத்து வரை வருவதற்குள் அவள் நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று.

"அப்பா! அவன் வேகத்தையெல்லாம் தன்கிட்ட வெச்சுக்கிட்டு எனக்கு மீதியை விடறான்பா!"

அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டும். அண்ணன் ஏதோ பூட்டுப் போட்டிருக்கிறான், அதை ஒருநாள் உடைத்துக் காட்டுகிறேன் என்று சபதம் போட்டுத்தான் அவள் நெட்வொர்க் படிக்கப் போனாள். உத்தியோகம், சம்பளம், ஆறு பேர் எல்லாம் அந்தச் சபதத்தில் வந்ததுதான். கோபத்தில் விதைத்ததும் சில சமயம் நன்றாக விளையும் போலிருக்கிறது.

சின்னப் பிள்ளைச் சண்டை சின்ன வயதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா தவறியபோது அண்ணனால் உடனே வந்து சேர முடியவில்லை. மறுநாள் மத்தியானம், எல்லாம் முடிந்த பிறகு, கையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் வாலு சொன்னாள்: "உனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மீதியைத்தானே எப்பவும் எங்களுக்கு விடுவே. இன்னிக்கும் மீதிக்குத்தான் வந்திருக்கே."

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவே அம்மாதான் தபால்.

இன்றும் அதே தபால்தான். ஃபைல்களைக் காப்பி எடுக்கப் பாஸ்வேர்டு வேண்டியதில்லை; ஆனால் அது இல்லாமல் கும்பகர்ணனுக்குள்ளே போய் அண்ணன் போட்ட பூட்டைத் தேட முடியாது.

"அம்மா, பாஸ்வேர்டு என்னன்னு கேளு."

"நீயே கேளேன். போன்ல அவன்தான் இருக்கான்."

"நீ கேளும்மா."

அம்மா போனை வாயருகே கொண்டுபோய், ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த மகளின் குரல் எதுவும் போனுக்குக் கேட்டிருக்காதது போல, "பாஸ்வேர்டு என்னடா கண்ணு?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கப்பா வசனம்தானாம். ஒரு சுவர், ஒரு ஓட்டை. இங்கிலீஷ் எழுத்துல, நடுவுல இடம் விடாம."

வாலுவுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுவர் என்றால் உயிர். வீட்டில் ஒரு படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட ஒரு வாரம் யோசிப்பார். "ஒரு சுவருக்கு ஒரு ஓட்டை. ரெண்டாவது போட்டா அது சுவர் இல்ல, சல்லடை," என்பார். இன்டர்நெட் வயருக்கு ஹால் சுவரில் ஓட்டை போட அவர் அளந்ததைப் பார்த்திருந்தால், வீட்டுக்குள் லிஃப்ட் வைக்கப்போகிறார் என்று நினைத்திருப்பீர்கள்.

உள்ளே நுழைந்தாள். சர்வரில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது, 'வாலு' என்ற பெயரிலேயே. அந்தப் பெயருக்கு எதிராக எங்கே கடிவாளம் போட்டிருக்கிறான் என்று ஒவ்வொரு அமைப்பாகத் திறந்தாள். இல்லை. விதிகளைப் பார்த்தாள். இல்லை. டிஸ்க் கிழடாகி மெதுவாகிவிட்டதோ என்று உள்ளேயே ஓட்டிப் பார்த்தாள். கிழவன் நூறுக்கு மேல் ஓடினான். காப்பி எடுக்கும் மென்பொருளை மாற்றினாள். ஹாலில் வயர்களெல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியை அணைத்துப் போட்டாள். பதினொன்று. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தன் பழைய அறைக்குப் போய் அங்கே சொருகினாள். அங்கேயும் பதினொன்று. ஒரு தடையும் அகப்படவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆதாரமாகத் தெரிந்தது. எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருக்கிறான் பார்!

மணி பன்னிரண்டே முக்கால் ஆகிவிட்டது. மீதி நேரம் இருபத்துநாலு மணி என்றது திரை. லேப்டாப்பை அங்கேயே ஓடவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

அம்மா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். மற்ற பாத்திரமெல்லாம் மூட்டைக்குள் போய்விட்டன. உட்கார நாற்காலி இல்லாததால் துணி மூட்டை மேல் உட்கார்ந்து, ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தபடி டீயை ஆற்றினாள்.

"எல்லா விளக்கும் பச்சையா எரியுது. அந்த ரெண்டு மட்டும் ஏன்டி மஞ்சள்?"

"எந்த ரெண்டும்மா?"

"அண்ணன் ரூம் வயரும் உன் ரூம் வயரும். எப்பவுமே மஞ்சள்தான். நான் கேக்கணும் கேக்கணும்னு நெனச்சு மறந்துடுவேன்."

வாலு டம்ளரைக் கீழே வைத்தாள். பச்சை என்றால் முழு வேகம். மஞ்சள் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கணக்குப் போட்டால் நொடிக்குப் பதினொன்று சொச்சம் வரும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட பதினொன்று என்ற எண்ணைப் பார்த்தவுடனே சொல்லியிருப்பான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இது காலையிலிருந்து நாலு மணி நேரம் சறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

முழு வேகத்துக்கு வயருக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் வேலை செய்ய வேண்டும். நாலுதான் பிடித்திருக்கிறது என்றால் இப்படித் தவழத்தான் செய்யும். சரி, நாலு கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது. ஆனால் இரண்டு வயரிலுமா? ஒரே மாதிரியா?

அப்பாவின் கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஹால் சுவரின் அந்தப் பிளாஸ்டிக் பெட்டி முன்னால் மண்டியிட்டாள். இரண்டு திருகாணியும் துருவேறி அடம்பிடித்தன. மூடி கையோடு வந்தபோது, உள்ளே இரண்டு வயரை எதிர்பார்த்தவள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

ஒரே வயர்தான் இருந்தது.

அப்பா போட்ட அந்த ஒற்றை ஓட்டை வழியே ஒரே ஒரு சாம்பல் நிற வயர் வந்து, தோல் உரிக்கப்பட்டு, இரண்டாகப் பிரிந்திருந்தது. நாலு கம்பி இடது வாய்க்கு. நாலு கம்பி வலது வாய்க்கு. ஒவ்வொரு நாலையும் ஒரு காகிதத் துண்டால் சுற்றி ஒட்டியிருந்தார்கள். இடது துண்டில் 'நான்' என்று எழுதியிருந்தது. வலது துண்டில் 'வாலு'. மை வெளுத்திருந்தாலும் அண்ணனுடைய கோணல் எழுத்து அப்படியே இருந்தது. லகரத்துக்கு அவன் போடும் அந்த நீண்ட சுழியை எங்கே பார்த்தாலும் அவள் அடையாளம் சொல்லிவிடுவாள்.

வாலு கம்பிகளை விரலால் எண்ணினாள். நாலு. இந்தப் பக்கமும் நாலு. மறுபடி எண்ணினாள், கூடக்குறைய இருக்குமோ என்று. இல்லை. இருபத்துநாலு வருஷமாக இந்தச் சுவருக்குள் இது இருந்திருக்கிறது. இருபத்துநாலு வருஷமாக அவள் அவனைத் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்புறம் இன்னொன்று உறைத்தது. அது முதலாவதைவிட ஆழமாகத் தைத்தது. அந்த நாளில் நாலு கம்பியே தாராளம். ஆனால் கும்பகர்ணன் வந்தது அதற்கு எவ்வளவோ வருஷம் கழித்து. அப்போது எட்டும் தேவைப்பட்டிருக்கும். அப்போது வாலு கல்யாணமாகிப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் அறையில் பழைய பேப்பரும் உடைந்த மின்விசிறியும்தான் குடியிருந்தன. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரை மணி நேரம் வேலை செய்திருந்தால் எட்டும் அவனுடையது. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் மஞ்சள் விளக்கிலேயே ஓட்டியிருக்கிறான். ஏன்?

அழ நேரமில்லை. மணி ஒன்று பத்து. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணன் அறைக்கு ஓடினாள். ஸ்டூல் போட்டு ஏறி, பையிலிருந்த ஒரு முழ வயரின் ஒரு முனையைக் கும்பகர்ணனிலும் மறு முனையை லேப்டாப்பிலும் நேராகச் சொருகினாள். சுவரும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம். விளக்கு பச்சையாக எரிந்தது. நூற்று நாலு. மீதி நேரம் இரண்டரை மணி.

"அம்மா! வந்துடும்மா! நாலு மணிக்குள்ள வந்துடும்!" என்று கத்தினாள். காலியான வீட்டில் அந்தச் சத்தம் எல்லா அறைக்கும் போய்வந்தது.

பிறகு ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். மூன்று வருஷமாகத் தொடாத எண். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மாவுக்கு என்ன?" குரலில் பதற்றம்.

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சுவத்துப் பெட்டியைத் திறந்தேன்," என்றாள்.

அவன் கேட்டான். "எழுத்து தெரியுதா இன்னும்?"

"தெரியுது. ரெண்டு வாய் இருக்கே, பின்னாடி ரெண்டு வயர் இருக்கும்னு நெனச்சேன்."

"அப்பா எங்க ரெண்டாவது ஓட்டை போட விட்டார்? உனக்கு அப்புறமாப் பார்த்துக்கலாம்னார். நான்தான் ஒரு வயரையே ரெண்டு முனையிலயும் ரெண்டாப் பிரிச்சுடறேன்னு சொன்னேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா? ஸ்கேல் எடுத்துக்கிட்டு வந்திருப்பே. உன் நாலு கம்பி நீளம், என் நாலு கம்பி குட்டைன்னு ஒரு வாரம் சோறு தின்னிருக்க மாட்டே."

வாலுவுக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அது அப்பட்டமான உண்மை.

"அன்னிக்கு நெட்டே ஸ்லோ வாலு," என்றான். "உன்னோடதும் ஸ்லோ, என்னோடதும் ஸ்லோ. நீ கத்துவே, நான் கத்த மாட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

"சரி. அப்புறம்? கும்பகர்ணனை வாங்கினப்போ நான் இந்த வீட்டுலயே இல்லையே. எட்டையும் எடுத்துக்க வேண்டியதுதானே?"

அவன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"நீ லீவுக்கு வருவே இல்ல? வந்ததும் செருப்பைக்கூட சரியாக் கழட்டாம உன் ரூமுக்குப் போய் வயரைச் சொருகுவே. சொருகிப் பார்த்து லைன் இல்லேன்னா..." நிறுத்தினான். "கல்யாணம் பண்ணிக் குடுத்ததும் என் இடத்தை எடுத்துட்டீங்களான்னு நெனச்சிருப்பே. அதான் அப்படியே விட்டுட்டேன். எனக்கு என்ன அவசரம், கேசட்டு தானே."

வாலுவுக்குக் கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது. துடைக்கவும் இல்லை.

"நான் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேனே..."

"விடு."

"விட மாட்டேன். தப்புண்ணா. மீதின்னு சொன்னேனே, அது தப்பு. மூணு வருஷமா எனக்கே உறுத்திக்கிட்டுத்தான் இருந்தது. கூப்பிடத்தான் வாய் வரல."

"எனக்கும்தான்," என்றான் அண்ணன்.

வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். "யாருடி போன்ல?"

"அண்ணன்."

"யார் பேசறது?"

"நான்தான் பேசறேன்."

அம்மா அறைக்குள் வந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "அப்பாடா. மூணு வருஷமாத் தபால்காரி உத்தியோகம். இன்னியோட ரிட்டையர்டு."

"அம்மா, இந்த வயர் சமாச்சாரம் உனக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? பேர் எழுத நான்தானே காலண்டர் தாளைக் கிழிச்சுக் கொடுத்தேன்."

"பாவி! ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ ஏன் ஸ்லோ, ஏன் ஸ்லோன்னுதானே கேட்டே. வயர் எத்தனைன்னு என்னைக்காவது கேட்டியா?" என்றாள் அம்மா.

மூன்று ஐம்பதுக்குப் பச்சைக் கோடு முழுசாகியது. வாலு எண்பத்துமூன்று ஃபைலையும் எண்ணி, ஒவ்வொன்றின் அளவையும் சரிபார்த்து, ஒரு பிரதிக்கு இரண்டு பிரதியாக எடுத்து முடித்து நிமிர்ந்தபோது வாசலில் கரண்ட் ஆபீஸ்காரர் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நல்ல நாளில் ஒரு வாரம் தாமதிக்கிற ஆசாமி.

"அவனை நீயே தூங்க வெச்சுடு," என்றான் அண்ணன். அவன் இன்னும் போனில்தான் இருந்தான். அங்கே அவனுக்கு என்ன வேலை இருந்ததோ, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டான்.

வாலு போனைக் கும்பகர்ணனின் பக்கத்தில் வைத்துவிட்டு, அணைக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சுதி இறங்கின. கடைசிக் காற்றாடியும் நின்றது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த அறை சத்தமில்லாமல் இருந்தது. அம்மா எழுந்து வந்து பெட்டியை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

வெளியே மீட்டர் கழலும் சத்தம் கேட்டது. வீட்டில் கரண்ட் போயிற்று.

"லேப்டாப்புல சார்ஜ் இருக்கா?" என்றான் அண்ணன். "நாப்பத்தொண்ணாம் நம்பரைப் போடு. எனக்கும் கேக்கிற மாதிரி வை."

எண்பத்துமூன்றையும் மூன்று வருஷம் உட்கார்ந்து பார்த்தவன் அவன்; எதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? வாலு போட்டாள். திரைச்சீலை இல்லாத ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவும் அவளும் தரையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். போன் நடுவில்.

ஹால் தெரிந்தது. நாற்காலியெல்லாம் இருந்த ஹால்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை," என்றார் அப்பா.

அம்மா வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹால் சுவரில் துளையிடும் வைபவம் இனிதே நிறைவுற்றது. ஒரு சுவருக்கு ஒரு ஓட்டை. தற்போது நமது வீட்டு இன்ஜினியர் வயர் சொருகுகிறார். உதவி, வீட்டு எஜமானியம்மாள்."

ஒல்லிப்பிச்சானாக அண்ணன் சுவர் முன்னால் மண்டியிட்டிருந்தான். இன்று மத்தியானம் வாலு மண்டியிட்ட அதே இடம். பல்லுக்கிடையில் ஒரு கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். கறுப்புத் தலைமுடியோடு அம்மா காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் செய்தி வாசிப்பதை விட்டுவிட்டு வீட்டுக் குரலாகத் தணிந்தது.

"சரிபாதியாடா?"

"சரிபாதிப்பா," என்றான் அவன், கம்பியை வாயிலிருந்து எடுக்காமலே. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

உள்ளேயிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். அம்மா சட்டென்று தாளை மடியில் மறைத்துக்கொண்டாள். அண்ணன் மூடியைச் சுவரில் அழுத்திப் பிடித்தான். இரட்டைப் பின்னலும் கடித்த நகங்களுமாக ஒரு பதினாலு வயது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்து நின்று, இடுப்பில் கை வைத்தது.

"முடிஞ்சுதா? ரெண்டுல யாருக்கு நிறைய?"

திரையில் அண்ணன் கூரையைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் ஹாலே குலுங்கியது.

வாலு போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

"எனக்குத்தாண்ணா," என்றாள். "எனக்குத்தான் நிறைய."